டாக்டர் சீட்டில் இன்னும் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலிவு விலை மருந்துக் கடைகள் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. 2008-லேயே மத்திய அரசின் மக்கள் மருந்தகம் வந்தாயிற்று. 2025 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் ஒரே நாளில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். அங்கே விற்பது பெரும்பாலும் ஜெனரிக், அதாவது கம்பெனி வைத்த பிராண்டு பெயர் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரிலேயே வரும் மருந்து. நல்ல காரியம்தான். ஆனால் சீட்டு எழுதுகிற குடும்ப டாக்டர் மனம் வைக்காதவரை அந்தக் கடைகளில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அம்பாசமுத்திரம் பக்கம் தனியார் மருந்துக்கடை வைத்திருப்பவன் இதைச் சொல்வது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம்.

எங்கள் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் அதிகம். முக்கூடலிலிருந்து வரும் ஒரு ஆச்சி, கூலி கிடைத்த கையோடு சீட்டை நீட்டுவார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு டெல்மிசார்ட்டான்; எழுதியிருப்பது ஒரு மாதத்துக்கு, அவர் வாங்குவது ஒரு வாரத்துக்கு. "இதே மருந்து மலிவுக் கடையில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும் ஆச்சி" என்றால், "வேண்டாம்யா, டாக்டரய்யா எழுதினதையே குடு. வேற குடுத்தா கேக்குமா?" என்பார். கேட்காது என்று அவருக்குச் சொன்னதும் அந்த டாக்டரய்யாதான்.

நானாக மாற்றிக் கொடுக்கவும் முடியாது. டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய 'ஷெட்யூல் எச்' மருந்துகளில் சீட்டில் உள்ள பிராண்டுக்குப் பதில் வேறொன்றைக் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றேயானாலும். ஆக எல்லாம் டாக்டரின் பேனாவில்தான் இருக்கிறது.

அவர்களுடைய தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. நோய் கேட்கவில்லை என்றால் பழி டாக்டர் தலையில்தான் விழும், கம்பெனி தலையில் அல்ல. ஆனால் அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. படிப்பு முடிந்து வெளியே வந்தபின் பல டாக்டர்களுக்குப் புது மருந்து பற்றிச் சொல்ல வருபவர் மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி ஒருவர்தான். அவர் ஜெனரிக் பற்றி நல்ல வார்த்தை சொல்வாரா?

இன்னொன்று. நம்மூர் கிளினிக்குகளில் டாக்டரே டப்பாவிலிருந்து மாத்திரையை எண்ணி, சின்னக் காகிதக் கவரில் போட்டு, காலைக்கு ஒன்று ராத்திரிக்கு ஒன்று என்று எழுதித் தருகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த மாத்திரைகள் பெரும்பாலும் மொத்தமாக வாங்கிய ஜெனரிக்தான். அது மட்டும் எப்படிக் கேட்கிறது? காலையில் அரசு ஆஸ்பத்திரியில் மூலப்பெயரில் மருந்து எழுதும் அதே டாக்டர், சாயங்காலம் தன் கிளினிக்கில் பிராண்டு பெயரைத்தான் எழுதுகிறார். அரசு ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 முதல் இருக்கிறது. மூலப்பெயரில்தான் டெண்டர் விடுகிறார்கள், ஒவ்வொரு பேட்சையும் லேபில் சோதித்த பிறகே அனுப்புகிறார்கள். தரம் குறைந்த மருந்து சந்தையில் இல்லை என்று நான் சொல்லவில்லை. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடும் பட்டியலைப் பாருங்கள், பெரிய பிராண்டுகளும் அதில் மாட்டுவது உண்டு.

எங்கள் தரப்பிலும் குறை இருக்கிறது, மறைப்பானேன். சில ஜெனரிக் அட்டைகளில் அச்சிட்ட விலை, கடைக்காரன் வாங்கும் விலையைப்போலப் பல மடங்கு இருக்கும். அதை அச்சு விலைக்கே விற்றால் ஆச்சிக்கு என்ன லாபம்?

2023 ஆகஸ்டில், டாக்டர்களுக்கு விதி வகுக்கும் தேசிய மருத்துவ ஆணையம் சீட்டில் ஜெனரிக் பெயர் எழுதுவதைக் கட்டாயமாக்கியது. டாக்டர்களின் அமைப்பான இந்திய மருத்துவச் சங்கம் தரத்தைக் காட்டி எதிர்த்தது, அந்த மாதமே உத்தரவை நிறுத்தி வைத்துவிட்டார்கள். சரி, கட்டாயம் வேண்டாம். முடிந்தவரை மூலப்பெயரில் எழுத வேண்டும் என்று 2002 விதியிலேயே இருந்தது. 2016-ல் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார்கள். பிராண்டு பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், அதன் கீழே மூலப்பெயரையும் ஒரு வரி எழுதி, "எதை வாங்கினாலும் சரிதான்" என்று நோயாளியிடம் வாயால் சொன்னால் போதும். வலிப்பு, தைராய்டு போன்றவற்றில் அடிக்கடி கம்பெனி மாற்றக் கூடாது என்று டாக்டர் நினைத்தால் அது நியாயமே. அந்தச் சீட்டில் 'மாற்ற வேண்டாம்' என்று எழுதிவிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
அம்பாசமுத்திரம்