எத்தனை அடி ஏறியது என்பது மட்டும் கணக்காகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலாற்றில் தண்ணீர் வந்தால் போதும், மறுவாரமே 'கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது' என்று செய்தி வந்துவிடுகிறது. உங்கள் இதழிலும் வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் எத்தனை அடி என்பதோடு செய்தி நின்றுவிடுகிறது. எந்த மண்ணில் என்று யாரும் கேட்பதில்லை.

எங்களுக்கு இரண்டு கிணறு. ஒன்று ஆற்றங்கரை மணலில் உறை இறக்கியது. மற்றது ஒன்றரை மைல் தள்ளி, பாறையில் வெட்டியது. 2021 நவம்பர் வெள்ளத்தின்போது கயிற்றில் கல்லைக் கட்டி இரண்டையும் அளந்து வந்தேன். கரைக் கிணறு சில நாளிலேயே நாலு அடி ஏறியது. பாறைக் கிணறும் மெதுவாக நாலு அடி ஏறியது. வீட்டில் எல்லோருக்கும் இரண்டும் ஒன்றுதான். நிலத்தடி நீரை மதிப்பிடும் அரசு முறையோ, ஏறிய உயரத்தை அந்த மண்ணிலிருந்து வடிந்து வரக்கூடிய தண்ணீரின் பங்கால், அதாவது மணற்பாங்கான ஆற்று வண்டலுக்கு 16 சதவீதம், சிதைந்த கருங்கல்லுக்கு ஒன்றரை முதல் 3 சதவீதம் என்று வைத்துப் பெருக்கச் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் கரையில் ஏறிய நாலு அடி ஏழரை அங்குலத் தண்ணீர். பாறையில் ஏறிய நாலு அடி ஒன்றரை அங்குலம்கூட இல்லை. மோட்டார் போட்டால் பாறைக் கிணறு ஏன் சட்டென்று இறங்கிவிடுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. அந்தக் கொஞ்சத்திலும் மழை கொடுத்தது எவ்வளவு, ஆறு கொடுத்தது எவ்வளவு என்று பிரித்தாக வேண்டும்.

ஆற்றின் மேல்பகுதியில் வந்த கன அடியிலிருந்து கீழே போனதைக் கழித்தால், ஆறு நிலத்துக்குக் கொடுத்தது தெரிந்துவிடாதா? நானும் அப்படித்தான் நினைத்தேன். நடுவில் பொன்னையாறு வந்து சேர்கிறதே, அதைக் கூட்ட வேண்டும். அப்புறம், லட்சம் கன அடி ஓடும்போது அளவு நூற்றுக்கு ஐந்து பிசகினாலே 5,000 கன அடி. மணல் குடித்தது அந்தப் பிசகிலேயே காணாமல் போகும். போதாததற்கு வெள்ளச் சேறு படிந்து மணலின் வாயை அடைத்துவிடும். (மணல் மிச்சமிருக்கும் இடங்களைச் சொல்கிறேன்.) கணக்கெடுக்கத் தோதானது வெள்ளம் வடிந்து, முழங்காலளவு தெளிந்த தண்ணீர் ஓடும் வாரங்கள்தான்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளில் பெரும்பாலானவற்றை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. பாலாற்றில் தண்ணீர் ஓடுவதே சில வாரம்தான். இரண்டு அளவுக்கு நடுவில் எல்லாம் முடிந்துவிடலாம். ஆற்றோரக் கிணறுகளையாவது தண்ணீர் ஓடும் நாட்களில் தினமும் அளக்கலாம். கயிறும் கல்லும் போதும், பள்ளிப் பிள்ளைகளே செய்வார்கள்.

அடுத்த முறை ஆறு வரும்போது அணைக்கட்டுக்குச் செய்தியாளரை அனுப்புவீர்கள், சரி. பத்து நாள் கழித்து இன்னொரு தடவையும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வாலாஜாபேட்டை வாசகர்