கில்பெக் தேவாலயம்: பழுதுபார்ப்பு வரி குறித்த கோரிக்கை மனு

நாள்: 10.06.2025

அனுப்புநர்:
ஹெரிஃபோர்ட்ஷயரில் வசிக்கும் ஒருவர், இங்கிலாந்து.

பெறுநர்:
பண்பாட்டுத் துறை அமைச்சர் அவர்கள், லண்டன்.

பொருள்: பழைய கிராமத் தேவாலயங்களைப் பழுதுபார்க்கும் செலவுக்கான மதிப்புக் கூட்டு வரியை முழுமையாகத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் மாவட்டத்தின் கில்பெக் கிராமத்தில், ஏறத்தாழ 1140இல் கட்டப்பட்ட புனித மரியாள், புனித தாவீது தேவாலயம் இருக்கிறது. சிவப்பு மணற்கல் கட்டடம், அரைவட்ட வளைவுகளும் தடித்த சுவர்களும் கொண்ட ரோமனெஸ்க் பாணி. அளவில் சிறியதுதான், ஆனால் தெற்கு வாசலைப் பார்த்தவர்கள் சட்டென நகர மாட்டார்கள். வளைவுக்குள் திராட்சைக் கொடி போன்ற ஒரு மரம், தூண்களில் பின்னிக் கிடக்கும் பாம்புகள், கொடிகளுக்கு நடுவே போர்வீரர்கள். கூரை விளிம்புக்குக் கீழே, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு, உருவங்கள் செதுக்கிய 91 தாங்குகற்கள் இருந்தன, 85 மிஞ்சியுள்ளன. ஒன்றில் நாயும் முயலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இன்னொன்றில் தேவாலயச் சுவரில் யாரும் எதிர்பார்க்காத நிர்வாணப் பெண்ணுருவம். செதுக்கியவன் குறும்புக்காரன்!

இதே சிற்ப மரபில், இதே மாவட்டத்தின் வடபகுதியில் ஷாப்டன் தேவாலயமும் எழுந்தது. 1750களில் அதை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். பழைய வளைவுகளை மட்டும் அழகுக்காகக் குன்றின் மேல், கூரையில்லாமல் நிறுத்தினார்கள். மழையும் பனியும் அரித்து, இன்று பல உருவங்கள் அடையாளமே தெரியவில்லை. இடைவிடாத ஈரம் மணற்கல்லை மெல்ல மெல்ல அரிக்கும். கில்பெக்கிலும் கூரையும் மழைநீர்க் குழாயும் ஒழுங்காக இருக்கும்வரைதான் சிற்பங்கள் நிற்கும்.

கூரையையும் குழாயையும் பழுதுபார்க்கும் அந்த வேலைக்குத்தான் 20 சதவீத வரி. 2001இல் தொடங்கிய மானியத் திட்டம் வழியாக அதைத் திருப்பித் தந்தீர்கள், நன்றி. ஆனால் 2025 ஏப்ரல் முதல், ஒரு கட்டடத்துக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல் கிடையாது என்றாகிவிட்டது. 3 லட்சம் பவுண்டுக்குக் கூரை வேலை நடந்தால் வரி மட்டும் 60,000. மீதி 35,000ஐ ஒரு சிறு கிராமச் சபை எங்கிருந்து புரட்டும்? பெரிய நகரத் தேவாலயங்களுக்காவது பல வழிகள் உண்டு.

எனவே, கிராமப்புறத் தேவாலயங்களுக்கு இந்த உச்சவரம்பை நீக்கவும், 2026 மார்ச்சுடன் முடியவிருக்கும் திட்டத்தை நீட்டிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம், கில்பெக் சிற்பங்களின் நிலையைச் சீரான இடைவெளியில் கல் பாதுகாப்பு நிபுணர்களைக் கொண்டு பதிவுசெய்யவும் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)