சாரின் படத்தைக் கழற்றிப் பார்த்தேன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை.

போன வாரம் போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. "டிராயிங் டீச்சரா சேர்ந்ததுல இருந்து ஒரு படம்கூட வரையலப்பா. சொல்லிக்கொடுக்கவே நேரம் சரியாப் போகுது" என்றாய்.

மழையில் ஹால் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. அதனால் உன் காலேஜ் சார் வரைந்து கொடுத்த ஆயில் பெயின்டிங்கைக் கழற்றி ஜன்னலோரம் வைத்தேன். ஆளும் இல்லை, மரமும் இல்லை என்று இத்தனை வருஷம் தள்ளி நின்றே பார்த்துவிட்டேன். நான் மவுன்ட் ரோட்டில் சினிமா பேனர் வரைந்தவன். கட்டம் போட்டு, முகத்தில் ரோஸையும் பச்சையையும் அள்ளி அடிப்போம். எட்ட நின்றால்தான் ஆள் தெரியும். இந்தப் படத்துக்கு மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போக வேண்டியிருக்கிறது.

டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தேன். அந்தப் பெரிய காவிக்குக் கீழே நீலம் கிடக்கிறது. நீலம் நன்றாகக் காய்ந்த பிறகே காவியைக் கத்தியால் இழுத்திருக்கிறார். இரண்டும் கலங்கவே இல்லை. வலது ஓரத்தில் சுரண்டிய இடத்தில், அதற்கும் அடியில் ஒரு பச்சை. அதில் பிரஷ் முடி ஒன்று ஒட்டிக்கொண்டு அப்படியே இருக்கிறது. கீழ்ப்பூச்சு டர்பன்டைன் விட்டு மெலிசாக, மேலே போகப் போக எண்ணெய் கூடுதலாக. அதனால்தான் எங்கேயும் வெடிப்பு இல்லை.

ஆயில் பெயின்டில் இருக்கிற லின்சீட் ஆயில், அதுதான் ஆளிவிதை எண்ணெய், தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காயாது. காற்றை உள்ளே இழுத்துத்தான் இறுகும். நம்ம ஊர் மழைக்காலத்தில் அது காய இன்னும் நாளாகும். அப்படியானால் ஒரு பூச்சு போட்டுவிட்டு சார் வகுப்புக்குப் போயிருப்பார். உங்களுக்குப் பாடம் நடத்திய நாளெல்லாம் வீட்டில் இது காய்ந்துகொண்டிருந்திருக்கும், கண்ணு.

நீ படித்த சென்னை ஓவியக் கல்லூரியே அப்படிப்பட்ட வாத்தியார்களின் இடம்தானே. 1850-இல் தொடங்கியது. உழைப்பாளர் சிலை செய்த ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். அவருக்குப் பின் வந்த பணிக்கர் முதல்வராக இருந்தபடியேதான் 1963-இல் வாசிக்க முடியாத எழுத்துகளை வைத்துப் புது மாதிரி வரைய ஆரம்பித்தார். 1966-இல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார். மெழுகு வைத்துச் சாயம் போடுகிற பத்திக் துணி விற்று வயிற்றைப் பார்த்துக்கொண்டு படமும் வரைந்தார்கள். சாரின் படம் மாதிரி உருவம் இல்லாமல் அரூபமாக வரைந்த முனுசாமியும் அந்தக் கல்லூரியில் பாடம் நடத்தியவர்தான்.

சனிக்கிழமை ஒரு பூச்சு போடு. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போ. அது பாட்டுக்குக் காயட்டும்.

பரணில் கிடந்த, நீ படம் வரைகிற ஈசல் ஸ்டாண்டை இறக்கித் துடைத்தேன். ஒரு திருகாணி துருப்பிடித்திருந்தது, மாற்றிவிட்டேன். நேற்று பார்சல் ஆபீஸில் போட்டாயிற்று. சாரின் படம் இப்போதைக்கு என் கட்டிலுக்கு எதிரே இருக்கட்டும். அந்தச் சுவரில் ஓதம் இல்லை. உன் வீட்டில் காற்று வருகிற மூலை எது என்று எழுது.

அன்புடன்,
அப்பா