யானைமலை எரிமலையா?

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ தான்சானியாவின் அருஷாவிலிருந்து அனுப்பிய கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்து வீடியோவை நம் மதுரை ஒத்தக்கடை டீக்கடையில் காட்டினேன். "நம்ம யானைமலையும் ஒரு காலத்துல எரிமலைதானாமே" என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டார். நீயும் அதையேதான் கேட்டிருக்கிறாய். இல்லை தாயி. சொக்கநாதர் அம்பு பட்டு யானை கல்லானது என்று திருவிளையாடல் சொல்கிறதே, அதைக்கூட நம்பிவிடலாம்.

நம் பக்கத்துக் கல் பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியது. ஏறக்குறைய 55 கோடி வருஷத்துக்கு முந்தைய சங்கதி. மேலே கிடந்ததெல்லாம் மழையிலும் காற்றிலும் அரிபட்டுப் போக, அடிக்கல் வெளியே வந்தது. பட்டறையில் நான் பாலிஷ் போடும் மேலூர்க் கல்லை நினைத்துப் பார். வெள்ளையும் சாம்பலுமாக வரி ஓடும். நடுவே கடுகளவில் சிவப்பு கார்னெட் மணிகள்; தண்ணீர் தெளித்தால் பளிச்சென்று தெரியும். எரிமலைக் குழம்பாக வெளியே வந்து சட்டென்று ஆறிய கல்லில் இப்படி வரியும் மணியும் சேர்ந்து வராது.

உன் பக்கத்துக் கதை வேறு. அது வயதில் சின்னது, 20 லட்சம் வருஷத்துக்குச் சற்று மேல். அந்தப் பள்ளம் வெடித்துத் தெறித்ததால் மட்டும் வந்ததில்லை. உள்ளே இருந்த குழம்பு வெளியேறியதும் தாங்க ஆளில்லாமல் மலையின் தலையே உள்ளே சரிந்துவிட்டது. 600 மீட்டர் ஆழம், அடியில் 260 சதுர கிலோமீட்டர் தரை! நம் யானைமலையைத் தூக்கி உள்ளே வைத்தாலும் விளிம்பை எட்டாது.

எனக்கு அதைவிட ஆச்சரியம் அந்தப் பள்ளத்துக்குள் வாழும் சிங்கங்கள்தான். 1962-ல் மழை கொட்டி, கடிக்கிற ஈ பெருகி, விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோயினவாம். வெளி ஆண் சிங்கம் சுலபத்தில் உள்ளே நுழைய முடியாது; அதனால் மிஞ்சிய சிலவற்றின் வாரிசுகளே தங்களுக்குள் இனம் பெருக்கி, ரத்தம் வலுவிழந்துவிட்டது. ஒட்டகச்சிவிங்கி அந்தப் பள்ளத்தில் இறங்குவதே இல்லையாமே, சரிவு அவ்வளவு செங்குத்தா? நீ காட்டிய பூநாரைக் கூட்டம் நிற்பது உவர் ஏரி. வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் வெயிலில் வற்றி, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது.

அப்புறம், அடுத்த முறை போனால் விளிம்பில் சாலைக்காக வெட்டிய இடத்தில் கல்லைக் கிட்டத்தில் போட்டோ எடு. ஓட்டை ஓட்டையாக இருந்தால் அது குழம்பிலிருந்த வாயுக் குமிழியின் தடம். கல்லை எடுத்து வந்துவிடாதே, அது பாதுகாக்கப்பட்ட இடம். விளிம்பு கொடைக்கானலைவிட உயரம். ஸ்வெட்டர் இல்லாமல் கிளம்பாதே.

இப்படிக்கு,
அப்பா