ஏச வேண்டாம் சித்தப்பா, மீனைத் திருப்பி விட்டுவிட்டேன்

குயின்சி, மாசசூசெட்ஸ்
6 அக்டோபர் 2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் நலம். சித்தியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வாரம் தொலைபேசியில், "அங்கே கடல் இருக்கிறதா, மீன் இருக்கிறதா, இல்லை டப்பாவில் அடைத்து வருவதைத்தான் தின்கிறாயா?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் அலுவலக ஆட்கள் இருந்ததால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். கொஞ்சம் நீளும், கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள்.

கடல் இருக்கிறது. மீனும் இருக்கிறது. ஆனால் போன வருடக் கோடை முழுவதும் உங்கள் வளர்ப்புக்கு ஒரு மீன்கூட அகப்படவில்லை. வெட்கத்தில்தான் இத்தனை நாள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

இங்கே எல்லோரும் தேடுவது ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற மீனை. செல்லமாக ஸ்ட்ரைப்பர் என்பார்கள். வெள்ளி உடம்பு, செவுளிலிருந்து வால் வரை ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள், கணக்கு நோட்டில் கோடு போட்டதுபோல. நான் வரிமீன் என்றே சொல்லிக்கொள்கிறேன். வாயையும் தோளையும் பார்த்தால் நம் கொடுவாவுக்குச் சித்தப்பா மகன் என்று சொல்லலாம். ஆனால் பிழைப்பு நேர் எதிர். கொடுவா ஆற்றிலும் கழியிலும் வளர்ந்து முட்டையிட முகத்துவாரத்துக்கு இறங்கும். இது கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும். வசந்தத்தில் ஹட்சன், டெலவேர், அப்புறம் செசபீக் விரிகுடாவில் விழும் ஆறுகள் என்று நன்னீர் வரை போய் முட்டையிட்டுவிட்டு, கரையோரமாகவே வடக்கே வரும். எங்கள் பக்கம் மே மாதத்தில் வந்து சேரும். குளிர் தொடங்கியதும் தெற்கே இறங்கி, நியூ ஜெர்சிக்கும் வட கரோலினாவுக்கும் இடைப்பட்ட கடலில் குளிர்காலத்தைக் கழிக்கும். கொடுவா ஆணாகத் தொடங்கிப் பிறகு பெண்ணாக மாறும் என்று கல்லூரியில் படித்துவிட்டு வந்து சொன்னபோது சிரித்தீர்களே, இது அப்படி மாறாது. ஆனால் பெரிய மீனெல்லாம் அநேகமாகப் பெண்தான்.

நான் செய்த தப்பைக் கேளுங்கள். சனிக்கிழமை காலை பதினொரு மணி, நல்ல வெயில், கண்ணாடிபோலக் கிடக்கும் கடற்கரை. மடக்கு நாற்காலி, குடை, தெர்மாஸில் காப்பி. மீன் பிடிப்பதற்கு அல்ல, படம் எடுப்பதற்கு ஏற்ற ஏற்பாடு. வரிமீனுக்கு ஆகாத மூன்றையும் தேடிப் பிடித்திருக்கிறேன்: உச்சி வெளிச்சம், சூடான நீர், அசையாத நீர். 13 முதல் 20 டிகிரி வரை உள்ள நீர்தான் அதற்குச் சௌகரியம். ஜூலை பிறந்து கரையோரம் சூடேறினால் பெரிய மீன்கள் பகலில் ஆழத்துக்குப் போய்விடும். இருட்டிய பிறகுதான் கரைப்பக்கம் மேய வரும்.

இந்த வருடம் கேப் காட் கால்வாய்க்குப் போக ஆரம்பித்தேன். வீட்டிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணம். 1914-இல் திறந்த கால்வாய். நிலத்தை வெட்டிய பகுதி ஏழு மைல் நீளம், 480 அடி அகலம். இரண்டு விரிகுடாக்களை இணைக்கிறது. ஒரு பக்கத்தில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 9 அடி வித்தியாசம், மறுபக்கத்தில் 4 அடிதான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஏறுவதும் இல்லை, சுமார் மூன்று மணி நேரம் முன்பின். அதனால் நீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பாய்ந்துகொண்டே இருக்கிறது. சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை திசை திரும்பும். முழங்காலளவு ஏற்றத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஐப்பசி வெள்ளத்துக் கொள்ளிடத்தைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. படகிலிருந்து மீன் பிடிக்க அனுமதி இல்லை. இரு கரையிலும் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், அங்கே நின்றுதான் வீச வேண்டும். ஆட்கள் சைக்கிளில் தூண்டில் கழியைக் கட்டிக்கொண்டு இருட்டோடு வந்துவிடுவார்கள். முதல் நாளே பாசியில் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். சித்தியிடம் சொல்ல வேண்டாம்.

அன்றைக்கு என்னைக் கைதூக்கிவிட்டவர் எழுபது வயது இருக்கும் ஒரு போர்ச்சுகீசிய வம்சாவளிக்காரர். நான் வீசுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எதுவும் பேசாமல் ஒரு பாசிக் கொத்தைப் பிய்த்து நீரில் எறிந்தார். அது சரசரவென்று ஓடி, ஓரிடத்தில் தயங்கி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிற்று. அந்த இடத்தைக் காட்டினார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது, சித்தப்பா. கழியில் வற்றம் இறங்கும்போது நீங்கள் சுரபுன்னை இலையைக் கிள்ளிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தானே உயிர் இறாலை இறக்குவீர்கள்? பத்து வருடம் கூடவே நின்று பார்த்ததை, கடல் மாறியதும் மறந்துவிட்டேன்.

கீழே கிடக்கும் பாறைக்குப் பின்னால், வேக நீரும் மெதுநீரும் உரசும் ஓரத்தில், வரிமீன் ஓட்டத்தை எதிர்த்து முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். அலைந்து களைக்காது. ஓட்டம் கொண்டுவரும் கானாங்கெளுத்தியும் கணவாயும் நிலை தடுமாறும்போது பாய்ந்து எடுக்கும். ஆகவே ஓட்டத்துக்கு மேல்பக்கம் வீசி, நூறு கிராமுக்கு மேல் எடையுள்ள ஈயத்தலை வைத்த செயற்கை இரையைத் தரை தட்ட விட்டு, நீரோடு போக விட வேண்டும். நீருக்கு எதிராக இழுத்தால் அது சந்தேகப்படும். எந்த இரை அந்த வேகத்தை எதிர்த்து நீந்தும்? வசந்தத்தில் ஹெரிங் மீன்கள் கால்வாய் வழியாகப் போய் ஓடையில் ஏறும்போது பின்னாலேயே இதுவும் வரும். கொள்ளிடத்தில் உல்லம் மீன் ஏறும் என்று தாத்தா சொல்வாரே, அதே கதை.

நீர் திரும்பும் நேரமும் விடியலும் சேர்ந்து வரும் நாளுக்குத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். திரும்பும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போவதால், ஒரே திருப்பம் மறுபடி விடியலுக்கு வர இரண்டு வாரம் ஆகும். எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காய்ச்சல் வருகிறது. அந்த ரகசியம் எனக்குத் தெரியும்.

தூண்டில் முள் விஷயத்திலும் பட்டேன். செத்த மீன் துண்டை இரையாக வைத்தால் வட்டமாக வளைந்த முள்ளைத்தான் போட வேண்டும் என்பது இங்கே சட்டம். மீன் முழுங்கினாலும் குடலில் குத்தாமல் வாயோரத்தில் மாட்டும், விட்டாலும் பிழைக்கும். ஆனால் கடித்ததும் சுண்டக் கூடாது. தங்கூசி நூல் தானாக இறுகும்வரை சும்மா இருக்க வேண்டும். "கடித்தால் சுண்டு" என்று என் பிடரியில் தட்டிக் கற்றுக்கொடுத்தது யார்? நாலு மீன் போயிற்று. கணக்கு உங்கள் பேரில்.

இனித்தான் நீங்கள் ஏசப் போகும் இடம். ஆகஸ்டு கடைசியில், விடிவதற்குச் சற்று முன், நீர் திரும்பிய கொஞ்ச நேரத்தில் ஒன்று பிடித்தது. இருபது நிமிடம். ஓட்டத்தோடு ஓடி, நூல் பாதி போய்விட்டது. பாறைக்குக் கொண்டுவந்து அளந்தால் 38 அங்குலம். பெரியவர் கைகொடுத்தார். பிறகு இருவருமாக அதைத் தண்ணீரில் பிடித்து, செவுளில் நீர் ஓடும்வரை நிறுத்தி, விட்டுவிட்டோம்.

ஆமாம், விட்டுவிட்டோம். 28 அங்குலத்துக்குக் குறையாமல் 31 அங்குலத்துக்கு உட்பட்டதை, அதுவும் நாளுக்கு ஒன்றை மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பெரியது தாய் மீன், முட்டையிடட்டும் என்பது கணக்கு. எனக்கும் அன்று வயிறு எரிந்தது. ஆனால் காரணம் இருக்கிறது. 1639-லேயே இந்த மீனை வயலுக்கு உரமாகப் போடக் கூடாது என்று இங்கே தடை போட்டிருக்கிறார்கள், அந்த அளவுக்கு மலிந்து கிடந்தது. அதுவே பிறகு அற்றுப்போகிற நிலைக்கு வந்து, 1985-இல் மேரிலாந்து மாநிலம் பிடிப்பதையே நிறுத்திவைத்தது. பத்து வருடத்தில் மீண்டது. இப்போது மறுபடி குறைகிறது. செசபீக்கில் சில வருடங்களாகக் குஞ்சுகள் சரியாகத் தேறவில்லை. நம் பக்கத்து 61 நாள் மீன்பிடித் தடையைத் திட்டிக்கொண்டே விசைப்படகுகள் கரையில் நிற்கின்றனவே, இங்கும் திட்டிக்கொண்டேதான் அளக்கிறார்கள்.

செப்டம்பரில் 29 அங்குலத்தில் ஒன்று கிடைத்தது. குழம்பு வைத்தேன். வெள்ளைச் சதை, உதிராது, முள் குறைவு. சித்தி அனுப்பிய மிளகாய்த்தூளில் கடைசிக் கரண்டி அதற்குத்தான் போயிற்று. பெரியவருக்கு ஒரு டப்பா கொடுத்தேன். கண்ணில் நீர் வர வர முழுவதும் தின்றார்.

இன்னும் இரண்டு மூன்று வாரம்தான், பிறகு மீன் கிளம்பிவிடும். அதற்குள் ஒன்று கேட்க வேண்டும். வரிமீன் பெரிய இரையை வாலால் அடித்துத் தடுமாற வைத்து, தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கும் என்கிறார் பெரியவர். கொடுவாவும் அப்படித்தானா? அடுத்த முறை வயிற்றைக் கிழிக்கும்போது உள்ளே இருக்கும் மடவையின் தலை எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்லுங்கள். இங்கே நான் அவரிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

மிளகாய்த்தூளை மறக்க வேண்டாம்.

உங்கள் மகன்,
செல்வம்