நுரை அடங்கிய பிறகும் ஆறு அதே ஆறுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே உள்ள ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் படம் மழைக்காலம்தோறும் நாளிதழ்களில் வந்துவிடுகிறது. கீழே ‘பெங்களூரு கழிவுநீர்’ என்று ஒரு வரி இருக்கும். நுரை அடங்கியதும் செய்தியும் அடங்கிவிடும். நந்தி மலைப் பகுதியில் பிறந்து ஹொசகோட்டை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழையும் தென்பெண்ணையில் பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நீர் போய்ச் சேர்கிறது என்பதை, வர்த்தூரில் குடியிருக்கும் நான் மறுக்கப் போவதில்லை. 2018 ஜனவரியில் பெல்லந்தூர் ஏரியில் பற்றிய தீயை அணைக்க ராணுவ வீரர்கள் இறங்க வேண்டியிருந்தது. ஆனால், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இரு மாநிலங்களிலும் பேசப்படுவதைத்தான் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஒரு எஸ்டிபி, அதாவது சிறிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், இருக்கிறது. குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் சில காலம் அதை நான் கவனித்துக்கொண்டேன். காற்றேற்றும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் நீரை அளவுக் குடுவையில் எடுத்து அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால், பழுப்பு நிறக் கசடு கால் பங்கு அளவுக்கு அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்க வேண்டும். ஒரு நாள் காலையில் அந்தக் குடுவை முழுவதும் கறுத்துக் கலங்கி, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. விசாரித்தபோது, மின்கட்டணத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஒப்பந்தக்காரரின் ஆட்கள் தொட்டிக்குள் காற்றை ஊதும் இயந்திரமான புளோயரை இரவெல்லாம் நிறுத்தி வைத்திருந்தது தெரிந்தது. கழிவைத் தின்று தீர்க்க வேண்டிய நுண்ணுயிர்கள் காற்றில்லாமல் செத்துப் போயிருந்தன. நிலையம் என்னவோ இருந்தது. காகிதத்தில் ஓடிக்கொண்டும் இருந்தது. ஆய்வுக்கு வருகிறவர்கள் பகலில்தானே வருகிறார்கள்!

சரியாக ஓடும் நிலையத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு அறிவிக்கை, வெளியேற்றும் நீரின் பிஓடி (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) லிட்டருக்குப் பெருநகரங்களில் 20 மில்லிகிராமையும் மற்ற ஊர்களில் 30 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்கிறது. பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் அதை இன்னும் இறுக்கச் சொன்னது. ஆற்றில் குளிக்க வேண்டுமானால் இந்த அளவு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஆற்றில் நல்ல நீர் நிறைய ஓடினால் கலந்து நீர்த்துப் போகும் என்று சமாதானம் சொல்லலாம். கோடையில் தென்பெண்ணையின் இந்தப் பகுதியில் சொந்த நீர் ஏது? ஊர்கள் விடும் கழிவுநீரே ஆறாக ஓடுகிறது.

கழிவுநீரில் கலந்திருந்து நீர்ச்செடிகளுக்கு உரமாகும் பாஸ்பரஸுக்கு அந்த 2017 அறிவிக்கையில் வரம்பே இல்லை. வழக்கமான காற்றேற்றும் முறை அதைப் பெருமளவு நீக்குவதும் இல்லை. படிகாரம் போன்றவற்றைச் சேர்த்தோ வேறு தனிக் கட்டம் வைத்தோதான் நீக்க வேண்டும். தப்பி வரும் பாஸ்பரஸில் ஏரியின் ஆகாயத்தாமரை கொழிக்கிறது. சோப்புத்தூளின் எச்சமோ, நீர் உயரத்திலிருந்து விழுந்து அடிபடும் கலிங்கிலும் மதகிலும் மட்டும் நுரையாகக் கண்ணில் படுகிறது. நுரை இல்லாத நாளில் நீர் சுத்தம் என்று நினைப்பதற்கில்லை.

பெங்களூரை மட்டும் கைகாட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஆற்றின் இரு பக்கமும் சிற்றூர்கள் நகரங்களாகிவிட்டன. அவற்றின் சாக்கடையும் எங்கோ ஓர் ஓடையில்தான் இறங்குகிறது.

எனவே தங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அணையின் நுரைப் படத்தை வெளியிடும்போது, அணைக்கு மேற்புறம் ஆற்றோரம் உள்ள ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையத்துக்கும் கட்டப்பட்ட கொள்ளளவு எவ்வளவு, உண்மையில் வந்து சேரும் கழிவுநீர் எவ்வளவு, வெளியேறும் நீரில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று கேட்டு, அந்த எண்களையும் படத்தின் அருகிலேயே போடுங்கள். மின்கட்டண ரசீதையும் கேளுங்கள். இரவில் புளோயர் ஓடியதா என்பதை அதுவே சொல்லிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வர்த்தூர், பெங்களூரு.