இரவு நாற்றத்தைப் பகலில் தேடும் அதிகாரிகளுக்கு

மாசுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு மேல், கடலூரில் ரசாயன ஆலைகளை ஒட்டிய எங்கள் குடிகாடு பக்கம் அடித்த நாற்றத்தைப் பற்றிப் போன் செய்தோம். மறுநாள் பத்தரை மணிக்கு ஜீப்பில் வந்தவர்கள், "இப்ப ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடற்காற்று எழுந்த பிறகு என்ன இருக்கும்?

நாற்றம் அடித்த அந்த ராத்திரி கரண்டும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம், சாத்தினால் புழுக்கம். மருமகள் ஈரத்துண்டைச் சுருட்டிக் கதவிடுக்கில் அடைத்தாள். வீசிங் இருக்கிற பேரனுக்கு நெபுலைசர் வைக்க வழியில்லை. மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து விடியும்வரை விசிறினாள். அந்த விசிறி அவன் மூக்குக்கு எதைக் கொண்டுபோனது? அதைத்தான் அளந்து சொல்லச் சொல்கிறோம்.

உங்கள் பதில் வந்தது. தூசு, சல்பர் டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு எல்லாம் வரம்புக்குள்ளாம். சந்தோஷம். தூசு என்று யார் புகார் சொன்னது? முட்டை நாற்றம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு. 2009-இல் அறிவித்த தேசியக் காற்றுத் தரப் பட்டியலின் 12 மாசுகளில் அது கிடையாது. பட்டியலில் இருக்கிற, எளிதில் ஆவியாகிற கரைப்பானான பென்சீனுக்கு ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். அதைப் பற்றியும் உங்கள் பதிலில் ஒரு வரி இல்லை.

நான் வடக்கே ஓர் உருக்காலையில் நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் அடுப்புப் பிரிவில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். கரிவாயுவிலிருந்து தாரும், பென்சீன் கலந்த பென்சால் எண்ணெயும் பிரிக்கிற இடத்தில் புகைபோக்கியை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். மீதி தார்த் தொட்டியின் மூடி, பம்ப் சீல், வால்வு, டேங்க் வென்ட் வழியாகக் கண்ணுக்குத் தெரியாமல் கசியும். அமெரிக்காவில் இத்தகைய ஆலைகளின் பென்சீனுக்கென்றே 1989-இல் விதி போட்டார்கள்: தொட்டியை மூடி, ஆவியை வெளியே விடாமல் ஆலைக் குழாய்க்கே திருப்பிவிட வேண்டும், வால்வையும் பம்பையும் கருவி வைத்துக் கசிவு பார்க்க வேண்டும். இங்கே இருப்பது கோக் ஆலை அல்ல, மருந்தும் ரசாயனமும்தான். ஆனால் கரைப்பான் கசிகிற வழி ஒன்றுதான். ஆகவே புகைபோக்கியோடு நிற்காமல் கசிவை அளவெடுங்கள், அதுவும் இரவில்.

2004-இல் இந்தச் சுற்றுவட்டார மக்களே பக்கெட்டுக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடலூரைக் கடுமையாக மாசுபட்ட பகுதிகளில் சேர்த்தது. பிறகு என்ன? ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம், தவறாமல் வருகிறது, மரக்கன்று நடுகிறீர்கள், போட்டோ எடுக்கிறீர்கள். அன்றைக்கு மட்டும் நாற்றம் லீவு போட்டுவிடுகிறது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எங்களிடம் நீட்டுவதோ இருநூறு பக்க இங்கிலீஷ் அறிக்கை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது இவ்வளவுதான். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஹைட்ரஜன் சல்பைடையும் பென்சீன் போன்ற ஆவிகளையும் அளவெடுங்கள். ஆலைக்குள் வால்வு வால்வாகக் கசிவு பாருங்கள். முடிவைத் தமிழில் ஊராட்சிப் பலகையில் ஒட்டுங்கள். புகார் வந்த ராத்திரியே ஆள் அனுப்புங்கள். மாடியில் கருவி வைக்க எங்கள் வீட்டிலேயே இடம் தருகிறோம்.

இப்படிக்கு,
குடிகாடு பகுதிவாசி ஒருவர்